பத்தில் ஒரு பங்கு

வாய்க்கால்மேட்டுச் சுகந்தி தன் போர்வைக் கடைக்கு முதன்முதலாகத் தள்ளுபடிக் கூப்பன் விட்டது ஓர் ஆடி மாதத்துப் புதன்கிழமை. அதை முதலில் பயன்படுத்தியவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் என்பதும், அவர் மனைவி இறந்து அதிக நாள் ஆகவில்லை என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியுமென்றால், அன்று மத்தியானம் எங்கள் தெரு டீக்கடை ராயப்பன் பால் ஆற்றிக்கொண்டிருக்கையிலேயே பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு கிழவிக்காக அழுதார். குழம்பில் உப்பு கூடிப்போச்சென்று கத்திவிட்டேன், அதுதான் அவள் கடைசியாக வைத்த குழம்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ராயப்பனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. நாங்கள் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அழுது முடித்ததும் எழுந்து மறுபடி பால் ஆற்றினார். ஆனால் அந்தக் கிழவி அவருக்குள் தங்கிவிட்டாள், இன்றைக்கும் இருக்கிறாள்.

எங்கள் தெரு ஈரோட்டுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி, வீட்டுக்கு இரண்டு மூன்று விசைத்தறி என்று ஓடுகிற தெரு. சுகந்தியின் கணவன் லோகநாதனும் தறிக்காரன்தான். கெட்டியான பருத்திப் போர்வைக்கு அவன் தறி பேர்போனது, தானே கொண்டுபோய்ச் சந்தையில் விற்றுவிட்டு வருவான். அவர்களுடைய ஒரே பெண் இனியா ஏழு வயதில் காய்ச்சலில் போனபிறகு அவன் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டான். நெய்வான், மடிப்பான், அடுக்குவான், அவ்வளவுதான். புருஷனும் பெண்டாட்டியும் நூலைப் பற்றிப் பேசுவார்கள், சாயத்தைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டுக்கொள்வார்கள், குழந்தையைப் பற்றி மட்டும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுக்கிவைத்த போர்வை கூரையைத் தொட்டபோது சுகந்தி தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தகர அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, 'கதகதப்பு' என்று பெயரிட்டு, போர்வைகளைப் படமெடுத்துப் போட்டு, ஊர் ஊருக்கு அனுப்பத் தொடங்கினாள். பேக்கிங்குக்கு மரகதம் வந்தாள்; ஐம்பதைத் தாண்டியவள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவள்.

கூப்பன் யோசனை நஸ்ரீனுடையது. அவள் சுகந்தியோடு கல்லூரியில் படித்தவள், கோயமுத்தூரில் இருந்துகொண்டு இந்த மாதிரிக் கடைகளுக்கு விளம்பர வேலை பார்ப்பவள். போனில் அவள் நிதானமாக விளக்கியதை மரகதமும் கேட்டுக்கொண்டிருந்தாள். விலையில் இத்தனை சதவீதம் என்று கழிப்பது ஒரு வகை, அது சின்னதற்குச் சின்னதாகவும் பெரியதற்குப் பெரியதாகவும் கழியும். எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கழிப்பது வேறு வகை. அனுப்புகிற செலவை நாமே ஏற்கலாம், ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா தரலாம், முதல்முறை வருகிறவருக்கு மட்டும் தரலாம், கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவரைக் கூப்பிட்டுத் தரலாம், நாள் குறித்தும் தரலாம், குறிக்காமலும் தரலாம். எது வைத்தாலும் ஒன்று மட்டும் மாறாது என்றாள் நஸ்ரீன். வாங்குகிறவருக்குக் குறைகிறதை விற்கிற இடம் ஏற்றாகவேண்டும், அது காற்றில் போய்விடாது.

சுகந்தி பத்து சதவீதம் போதும் என்றாள். கூப்பனுக்கு ஒரு சொல் வேண்டும், சின்னதாக, யாரும் தப்பாக எழுதமுடியாததாக என்று நஸ்ரீன் கேட்டபோது, சுகந்தியின் வாய் யோசிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டது. வேண்டாமென்றால் இப்போதே மாற்றிவிடலாம்டி என்றாள் நஸ்ரீன். சுகந்தி மாற்றவில்லை. தறிக்கூடத்து வாசலில் நின்றிருந்த லோகநாதன் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று தொடங்கியதுதான். எங்கோ ஓர் ஊரில் யாரோ போர்வையைத் தேர்ந்தெடுத்து, இனியா என்று எழுதி, பக்கத்தில் பத்து என்று போட்டு அழுத்துவார்கள். விலை பத்தில் ஒரு பங்கு குறையும், கூடவே அவர்கள் சுமந்துகொண்டிருந்த துக்கத்திலும் பத்தில் ஒரு பங்கு குறையும், குறைந்தது எங்கள் தெருவுக்கு வந்து சேரும். போர்வை போய்ச் சேருவதற்கு நான்கைந்து நாளாகும், துக்கம் வருவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாங்கியவர்கள் கடையின் பக்கத்தில் எழுதினார்கள். போர்வை கனமாக இருக்கிறது, மனசு லேசாக இருக்கிறது என்றார் ஒருவர். அப்பா போனபிறகு முதல் தடவையாகச் சிரித்தேன், ஏனென்று தெரியவில்லை, சாயம் போகவில்லை என்றார் இன்னொருவர்.

எங்கள் தெருவில் யாரும் இதை மந்திரமென்றோ தந்திரமென்றோ பேசவில்லை. வந்ததை என்ன செய்வது என்பதே பெரிய வேலையாக இருந்தது. தன் தகப்பன் செத்தபோது கண் கலங்காத ஆறுச்சாமி, தெருவிலேயே அதிகத் தறி வைத்திருக்கிறவர், ஒருநாள் ஓடுகிற தறிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தம்பியும் கிடையாது, அவர் கடலைப் பார்த்ததும் கிடையாது. தையல்கார ஃபாத்திமாவுக்கு யாரோ ஒரு விவசாயியின் செத்துப்போன எருமை வந்தது, அவள் இரண்டு நாள் பால் காப்பி குடிக்கவில்லை. கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு முறிந்துபோன நிச்சயதார்த்தம் ஒன்று வந்து, மோதிரம் போடாத விரலைத் தடவிக்கொண்டே பஸ்ஸில் போனாள். எல்லாம் பத்தில் ஒரு பங்குதான், தாங்க முடியாததில்லை. ஆனால் பொய்யுமில்லை, துக்கம் கொண்டவர்களின் முகம் அதில் தெரியும், வீடு தெரியும், சில சமயம் வாசனைகூடத் தெரியும்.

மெல்ல மெல்ல ஒரு நடைமுறை ஏற்பட்டது. யாராவது நடுவழியில் நின்றுவிட்டால் அவரைத் தாண்டிப் போகக்கூடாது, கையிலிருப்பதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். என்ன வந்திருக்கிறது என்று கேட்க வேண்டும், என்ன குழம்பு என்று கேட்கிற அதே குரலில். சொன்னால் கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார வேண்டும். அமாவாசைக்கு வாய்க்கால் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறபோது எங்கள் ஆட்கள் தங்கள் முன்னோர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு, தஞ்சாவூர்க் கிழவிக்கு, கடலில் போன தம்பிக்கு, குன்னூரில் ஜன்னலோரம் உட்கார்ந்தே செத்த டீச்சருக்கு என்று பெயர் தெரியாதவர்களுக்கும் விட்டார்கள். சிடுசிடுப்பான தெரு என்று பேர் வாங்கியிருந்த தெருவில் சண்டை குறைந்தது. எதிராளிக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் திட்டுவதற்கு யாருக்கும் வாய் வரவில்லை.

சுகந்தியின் வீட்டுக்கு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. வலப்பக்கத்து வீட்டுக்கு வந்தது, இடப்பக்கத்து வீட்டுக்கு வந்தது, பேக்கிங் மேசையில் அவளுக்கு எதிரே நின்ற மரகதத்துக்கே எத்தனையோ வந்தது. அந்த வீட்டில் எங்கே இடமிருக்கிறது என்று மரகதம் சொன்னாள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆர்டர் கூடக் கூடத் தெருவுக்கு வருகிற துக்கமும் கூடியது. புரட்டாசியில் நஸ்ரீன் சொன்ன மற்ற வகைகளையும் சுகந்தி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள், தெருவுக்குச் சுமை குறையுமா என்றுதான். எல்லோருக்கும் ஒரே அளவு கழிக்கிற கூப்பனை வைத்தபோது, பேனா தொலைத்தவரின் துக்கம் முழுசாகத் துடைபட்டுப் போனது, மகனைப் பறிகொடுத்தவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அது நியாயமாகப் படவில்லை. ஒன்றுக்கு ஒன்று சும்மா என்று வைத்தபோது, வாங்கியவரோடு அவர் வீட்டு இன்னொருவர் துக்கமும் சேர்ந்து வந்தது, கேட்காமலே. அந்த வீட்டுக்காரர்கள் எதையோ காணோம் என்று தேடியதாக எழுதினார்கள். அனுப்பும் செலவு நம்முடையது என்று வைத்தபோது துக்கம் குறையவே இல்லை, எங்களுக்கும் வந்தது, அவர்களிடமும் இருந்தது. மறுபடி சதவீதத்துக்கே திரும்பினாள்.

தீபாவளி நெருங்கியதும் நிலைமை மோசமானது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மூன்று நான்கு வந்தன. தறிகள் நின்று நின்று ஓடின, அடுப்பில் சோறு தீய்ந்தது, ஒரு குடும்பம் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்கே போய்விட்டது. ஆறுச்சாமி மாரியம்மன் கோயில் மண்டபத்தில் எல்லோரையும் கூட்டினார். நஸ்ரீனும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். யாரும் சுகந்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவராக எழுந்து, முடியவில்லை என்றார்கள். கூட்டத்தின் முடிவு, தீபாவளியோடு கூப்பனை நிறுத்திவிடுவது. சுகந்தி சரியென்று தலையாட்டினாள். வெளியே வந்து செருப்பு போடும்போது நஸ்ரீனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். வேறு எங்கேயும் யாரும் அந்தப் பெயரை எழுதுவதில்லை, பள்ளிக்கூடப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள், ரேஷன் கார்டில் எடுத்துவிட்டார்கள், இங்கே மட்டும்தான் முன்பின் தெரியாத அத்தனை பேரும் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். நஸ்ரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

அடுத்த நாள் முற்பகல், பேக்கிங் மேசையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்த மரகதத்தின் வலது கை தானாக மூடிக்கொண்டது. எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி மூடியது, திறக்க வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, வந்துவிட்டது என்று சுகந்திக்குப் புரிந்தது, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மரகதம் உட்காரவில்லை. நெடுநேரம் தன் கையையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கண்ணு, உன்ற புள்ளைக்குக் கையில ஊசி ஏத்தியிருந்தாங்களா?"

"ஆமாக்கா. எதுக்குக் கேக்கறீங்க?"

"அதைப் பிடுங்கப் பாத்திருக்குது. பிடுங்க விடாம இந்தக் கை அமுக்கிப் பிடிச்சிருக்குது. வலிக்குது விடுப்பான்னு சொல்லியிருக்குது, அப்பவும் விடலை. அப்புறம் அதுவே இழுக்கறதை நிறுத்திருச்சு."

சுகந்தி அப்போது ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இல்லை, கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று அவள் கேட்டதில்லை, லோகநாதன் சொன்னதுமில்லை.

அவள் தறிக்கூடத்துக்குள் போனாள். லோகநாதன் நூல் முடிந்துகொண்டிருந்தான், வலது கையால். இத்தனை வருஷமாக அவன் எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்துவந்ததை அவள் அந்த நிமிஷத்தில்தான் உணர்ந்தாள்.

"கூப்பன் போட்டீங்களா?"

அவன் மறைக்கவில்லை. போட்டேன் என்றான். தீபாவளியோடு நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எல்லோரும் எழுதுகிறார்களே, தகப்பன் நான் ஒருதரம்கூட எழுதவில்லையே என்று தோன்றியதாகவும், தன் தறியில் நெய்த போர்வையையே தன் வீட்டு விலாசத்துக்குக் கேட்டு, பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதி அழுத்தியதாகவும் சொன்னான். குறைய வேண்டுமென்று செய்யவில்லை, குறைந்துவிட்டது என்றான். குறைந்ததற்கு வெட்கப்படுகிற மாதிரி இருந்தது அவன் குரல்.

சுகந்திக்கு வந்தது முதலில் கோபம்தான். என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே என்று அவள் கேட்டாள்.

"உங்கிட்டயே அவ்வளவு இருந்துச்சு," என்றான் லோகநாதன். "அதுக்கு மேல இதை எங்க வெக்கறதுன்னு தெரியலை."

அவள் திரும்பிவந்து மரகதத்தின் எதிரே நின்றாள். அக்கா, அது எங்களுடையது, எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நஸ்ரீனைக் கேட்கிறேன், ஆர்டரை ரத்து செய்தால் திரும்பி வரும் என்று சொன்னாள். மரகதத்தின் கை அப்போது திறந்துவிட்டிருந்தது. அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைக்கப் போனவள் துடைக்காமல் நிறுத்தினாள்.

"ரத்து பண்ணாத," என்றாள். "வலிக்கத்தான் செய்யுது. ஆனா என்ற கைக்கு இப்ப அந்தப் புள்ளையோட மணிக்கட்டு எத்தாச்சோடு, எவ்வளவு சின்னதுன்னு தெரியும். நான் தெருவுல பாத்திருக்கேன், ஒரு நாளும் தொட்டதில்லை. இது எங்கிட்ட இருக்கட்டும் கண்ணு."

அந்தச் சேதி தெருவில் வீடு வீடாகப் போனது, யாரும் சத்தமாகச் சொல்லாமலேயே போனது. அன்று சாயங்காலம் ஆறுச்சாமி, கூட்டம் போடாமல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்று பேசிவிட்டுக் கடைசியில் சுகந்தியின் வாசலுக்கு வந்தார். நிறுத்த வேண்டியதில்லை அம்மிணி, அளவாக விட்டால் தாங்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். அப்புறம் அவர்களெல்லாம் தகர அறையில் உட்கார்ந்து, நஸ்ரீனைப் போனில் வைத்துக்கொண்டு, எந்த வகைக் கூப்பன் என்று முடிவு செய்தார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி அவசரமில்லாமல் பேசினார்கள். சதவீதமாகவே இருக்கட்டும், பெரிய துக்கம் கொண்டவருக்குப் பெரிதாகக் குறைவதுதான் முறை. ஒரு ஆளுக்கு ஆயுளில் ஒரு தடவை, அதற்கு மேல் குறைந்தால் செத்தவர்கள் அவர்களுக்கே அந்நியமாகிப் போவார்கள் என்று ஃபாத்திமா சொன்னாள், அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாதத்தில் அமாவாசை ஒரு நாள் மட்டும் செல்லும். அன்று முடியாதவர்கள் வெளியூர் போய்க்கொள்ளலாம், முடிந்தவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். கூப்பனுக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று நஸ்ரீன் கேட்டாள். லோகநாதன்தான் பதில் சொன்னான், வேண்டாம், இனியாவே இருக்கட்டும் என்று. அவன் மற்றவர்கள் முன்னால் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொன்னதும் அன்றுதான்.

ஐப்பசி அமாவாசை போனது, கார்த்திகை அமாவாசை வந்தது. காலையிலிருந்தே வாசல்களில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, முடிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவற்றை வாங்கிக்கொண்டார்கள். மதியத்துக்குமேல் கூட்டம் தணிந்தது, நின்றிருந்த தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பேக்கிங் அறையில் சுகந்தி தனியாக இருந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை, முன்கூட்டி நினைத்திருந்ததாகவும் தெரியவில்லை. திரையில் கடையைத் திறந்து, வெளியாள் மாதிரி ஒரு போர்வையைத் தேர்ந்தெடுத்து, கட்டத்தில் மகளின் பெயரை எழுதினாள். வேறு யார் யாரோ எழுதி எழுதி வந்த பெயரை அவளே எழுதும்போது விரல் தயங்கியது என்றும், அழுத்தினால் குழந்தை கொஞ்சம் விலகிவிடுவாளோ என்று பயந்ததாகவும் பிற்பாடு சொன்னாள். அப்புறம் அழுத்திவிட்டாள்.

வாசல்களில் இருந்த எங்களில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. மரகதத்துக்கும் வரவில்லை.

லோகநாதனின் தறி நின்றது. அவன் நூல் பிசிறு ஒட்டிய சட்டையோடு எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, பேக்கிங் அறைக்குள் வந்தான். சுகந்தியைப் பார்க்காமல் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மருந்து வாங்கப் போனயே, அன்னைக்கு. எதிர்க்கடையில நின்னு கிளிப் வாங்குனயா?"

சுகந்தி தலையைத் தூக்கினாள்.

"ரோஸ் கலரு," என்றான் அவன். "பட்டாம்பூச்சி போட்டது. ரெண்டுல எதுன்னு பாத்துட்டு நின்னிருக்கறே."

அவள் அதை உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே குழந்தை தகப்பனிடம் விடு விடு என்று கெஞ்சிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கண் விழித்தால் காட்டலாமென்று கிளிப் பார்த்துக்கொண்டு நின்ற தன்னை அவள் ஒரு நாளும் மன்னித்ததில்லை.

"அவளுக்குப் பட்டாம்பூச்சிதான் பிடிக்கும்," என்றாள். "ஆனா அன்னைக்கு நட்சத்திரம் போட்டதும் நல்லா இருந்துச்சு. அதான் நேரமாயிருச்சு."

"அப்புறம் அதை என்ன பண்ணுனே?"

"வாய்க்கால்ல போட்டுட்டேன். காரியத்துக்கு அடுத்த நாள்."

லோகநாதன் மரகதத்தின் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். படித்துறையிலா, பாலத்துக்கு அந்தப் பக்கமா என்று கேட்டான். அவள் சொன்னாள். அது மிதந்ததா என்று கேட்டான். கொஞ்ச தூரம் மிதந்தது என்றாள். அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசத் தொடங்கினார்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவர் இல்லை இல்லையென்று திருத்தி, திருத்தியதை மறுபடி திருத்தி, தெருவில் இத்தனை தறி போடுகிற சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குச் சரியாகக் கேட்காமல், என்ன, என்ன என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு.

ஆறுச்சாமி அதைப் பார்த்துவிட்டு வந்து தன் தறிகளை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் என்று கேட்காமல் தன்னுடையதை நிறுத்தினார். அதற்கடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று வாய்க்கால் முனைவரை ஒவ்வொன்றாக நின்றது. நாங்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம், அவர்கள் பேசுவது அவர்களுக்கு மட்டும் கேட்கட்டும் என்று.